தொட்டிலில் கிடந்த கோலிக்குண்டு

கோலிக்குண்டைப் பார்த்தே அதன் வயதைச் சொல்லிவிடுவேன் என்று எங்கள் மம்பா ஊரில் எனக்கு ஒரு பெயர் உண்டு. என் சொந்த வயதுதான் எனக்குச் சரியாகத் தெரியாது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைகழுவிவிட்டது. எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியதெல்லாம் சலூனில் முடி வெட்டக் காத்திருந்த நேரத்தில்தான்.

ஞாயிற்றுக்கிழமை பசார் சந்தையில் பழைய சாமான் விற்கிறவர்கள் டின் டின்னாகக் குண்டுகளைக் கொண்டுவந்து என் முன்னால் கொட்டுவார்கள். நான் லென்ஸைக் கண்ணில் வைத்துக்கொண்டு டாக்டர் மாதிரி 'ம்ம்' என்பேன். உள்ளே பூனைக்கண் போல வண்ண இதழ் இருந்தால் மெஷின் உருட்டியது, பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடலாம். லேசாகப் பச்சை ஓடிய வெறும் கண்ணாடி என்றால் பழைய சோடாப் பாட்டில் கழுத்தில் கிடந்தது. தொப்புள் மாதிரி ஒரு தழும்பு இருந்தால்தான் 'ம்ம்' நின்றுபோகும். அது கண்ணாடிக் கம்பியிலிருந்து கையால் வெட்டி எடுத்தது. அந்தக் காலத்தில் கப்பலில் வந்தது, துரைமார் பிள்ளைகள் விளையாடியது.

தொப்புள் உள்ள குண்டு ஒன்று என்னிடமும் இருக்கிறது. சின்ன எலுமிச்சம்பழம் அளவு. தெளிந்த கண்ணாடிக்குள் வெள்ளையாக ஓர் உருவம் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருக்கும். அதன் மேல் வெள்ளித் தோல் போர்த்தியது மாதிரி மினுமினுக்கும். பொம்மைக்கும் கண்ணாடிக்கும் நடுவே மாட்டிக்கொண்ட காற்றுதான் அந்த மினுக்கு என்று இப்போது எனக்குத் தெரியும். அந்த உருவம் ஆட்டுக்குட்டியா, நாயா, பிள்ளையா என்று யாராவது கேட்டால் மட்டும் லென்ஸைத் துடைக்கிற சாக்கில் பேச்சை மாற்றிவிடுவேன். சில கண்ணாடியை இருட்டில் பச்சையாக ஒளிர வைக்கிற நீல டார்ச் ஒன்று வைத்திருக்கிறேன். இந்தக் குண்டின் மேல் அதை அடித்துப் பார்த்ததில்லை. அடிக்கப் போவதுமில்லை.

அது கிடைத்தபோது நான் சின்னப் பையன், கெமாஸ் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். லயத்து வரிசையில் எங்கள் வீட்டை ஒட்டினாற்போல அடுத்த வீடு சித்தியுடையது. அம்மாவின் தங்கை. சித்தி பால்மரப் பட்டை வெட்டிப் பால் இறக்குவார், சித்தப்பா துரை பங்களாவில் தோட்டவேலை. இரண்டு வீட்டுக்கும் பின்னால், கோழிக்கூண்டைத் தாண்டி, ஒரு வாழை நின்றது. அந்த வாழையின் குலையை யாரும் வெட்டமாட்டார்கள். பழுத்து, கறுத்து, வௌவால் தின்று, மிச்சம் தானாக விழும். நான் வழக்கமாக ஒன்றுக்குப் போகிற இடமும் அதுதான். சித்தப்பா ஒருமுறை பார்த்துவிட்டுச் செருப்பை வீசினார். சாதுவான மனுஷன், ஒரு வாழைக்காகவா இப்படிக் கோபப்படுகிறார் என்று எனக்கு ஆச்சரியம்.

ஒருநாள் நல்ல மழை பெய்து ஓய்ந்ததும், செருப்பு எட்டாத தூரத்தில் சித்தப்பா இருப்பதை உறுதி செய்துகொண்டு வாழையடிக்குப் போனேன். ஈர மண்ணில் அந்தக் குண்டு கிடந்தது. கழுவித் துடைத்து வைத்த மாதிரி, ஒரு பொட்டு மண் ஒட்டாமல்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. கூலியாட்களை மேய்க்கிற மண்டோரின் மகன் என் குண்டுகளையெல்லாம் ஜெயித்து வைத்திருந்த நேரம். இவ்வளவு பெரிய அடிகுண்டு கையில் இருந்தால் அவனை அழ வைத்துவிடலாம். கத்திக்கொண்டே வீட்டுக்கு ஓடினேன். அம்மாவும் சித்தியும் வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தார்கள். சித்தி குண்டை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். உருட்ட உருட்ட உள்ளே இருந்த உருவம் பெரிதாகிச் சின்னதாகி, மூச்சு விடுகிற மாதிரி தெரிந்தது.

"எங்கடா கெடச்சான் இவன்?"

"வாழமரத்துக்கிட்ட சித்தி."

அம்மாவின் கையில் இருந்த கத்தி கீழே விழுந்தது. அந்த வாழைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று எங்கள் வீட்டில் தெரியாத ஒரே ஆள் நான். பிறந்து ஒரு குரல்கூட அழாமல் போன பிள்ளையை அங்கேதான் புதைத்து, மேலே வாழைக்கன்று வைத்திருந்தார்கள். சித்தியின் முதல் பிள்ளை. அவர் அதன் முகத்தைச் சரியாகப் பார்க்கும் முன்பே தூக்கிக்கொண்டு போய்விட்டார்களாம். எனக்கு இதெல்லாம் பின்னால் தெரிந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், என் குண்டு சித்தியின் முந்தானைக்குள் போய்விட்டது என்பதுதான்.

திருப்பிக் கேட்டேன். அழுதேன். தரையில் புரண்டேன். அம்மா என் முதுகில் இரண்டு வைத்து உள்ளே இழுத்துப் போனார்.

மறுநாள் சித்தி வீட்டு உத்திரத்தில் தொட்டில் தொங்கியது. எங்கள் ஊர்ப்பக்கம் எல்லார் வீட்டிலும் உள்ள மாதிரி, மேலே ஸ்பிரிங், கீழே கொக்கியில் சாரோங் துணி. பிள்ளைக்கென்று வாங்கி, பிரிக்காமலே பெட்டியில் கிடந்த ஸ்பிரிங். சித்தி குண்டை வெந்நீரில் குளிப்பாட்டினார், சாம்பிராணி காட்டினார், கண்பட்டுவிடாமல் இருக்க அதன் கன்னத்தில் மையும் வைத்தார். குண்டுக்குக் கன்னம் எது என்று எனக்குத் தெரியவில்லை. சித்திக்குத் தெரிந்திருந்தது.

"பூசாரிய கூப்பிடலாமா?" என்று அப்பா முணுமுணுத்தார்.

"சும்மா இருங்கலா! சோறு திங்கிறா, தூங்குறா. இத்தன மாசமா அது ரெண்டும் இல்லாம இருந்தவ" என்றார் அம்மா.

சித்தப்பாவோ, வேலை முடிந்து வந்து தொட்டிலுக்கு எதிர்ச்சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிடுவார். தொட்டிலைப் பார்க்கமாட்டார். அதற்கு மேலே இருந்த ஸ்பிரிங்கைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

எனக்கோ என் குண்டு வேண்டும். ஒருநாள் உச்சிவெயிலில், சித்தி தண்ணீர்க் குழாய்க்குப் போன நேரம் பார்த்து உள்ளே நுழைந்தேன். காற்று இல்லை. அடுத்த வீட்டுக் கோழிகூடக் கத்தவில்லை. தொட்டில் மட்டும் மேலும் கீழும் மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது. இப்போதுதான் சித்தி ஆட்டிவிட்டுப் போயிருப்பார் என்று சொல்லிக்கொண்டேன். அப்புறம் ஸ்பிரிங்கைப் பார்த்தேன். அது நன்றாக இழுபட்டு, வளையத்துக்கு வளையம் விரல் நுழைகிற அளவுக்கு விரிந்திருந்தது. கடைசி வீட்டு அக்காவின் கொழுகொழுப் பிள்ளையைப் போட்டால்தான் ஸ்பிரிங் அப்படி விரியும். சாரோங்கின் அடிவயிறு தரையைத் தொடப் பார்த்தது.

விளிம்பை விலக்கி எட்டிப் பார்த்தேன். உள்ளே குண்டு மட்டும்தான் கிடந்தது. மை வைத்த பக்கம் என்னைப் பார்த்துத் திரும்பி இருந்தது.

நான் எப்படி வெளியே வந்தேன் என்று கேட்காதீர்கள். வந்தபோது என் டிரவுசர் நனைந்திருந்தது, அன்றைக்கு மழை இல்லை. அம்மாவிடம் ஸ்பிரிங் துருப்பிடித்துவிட்டது என்று மட்டும் சொன்னேன். "புது ஸ்பிரிங்லா அது" என்று சொல்லிவிட்டு அம்மா சாம்பல் அள்ளப் போய்விட்டார்.

அதற்கப்புறம் நான் குண்டைக் கேட்கவே இல்லை. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை, மண்டோர் மகனோடு ஆட நான் கிளம்பும்போது சித்தியே வாசலில் கூப்பிட்டார். கையில் குண்டு. தலை வாரிவிட்ட மாதிரி துடைத்து, புதிதாக மை வைத்து.

"தம்பிய கூட்டிட்டுப் போ. காலையிலேருந்து வெளிய போவணும்னு ஒரே அடம். எது மேலயும் மோத விடாத. இருட்டுறதுக்குள்ள கூட்டிட்டு வந்துரு."

"சரி சித்தி" என்றேன். வேறு என்ன சொல்வது? டிரவுசர் பையில் போட்டுக்கொண்டு நடந்தேன்.

ரப்பர் பால் நிறுக்கிற கொட்டாய்ப் பக்கம் போவதற்குள் டிரவுசர் ஒரு பக்கமாக இறங்கத் தொடங்கியது. தூக்கிவிட்டேன். மறுபடி இறங்கியது. கடைசியில் ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் ஆடவே முடிந்தது. ஒற்றைக் கையால் கோலி ஆடினால் என்ன ஆகும்? கடன் வாங்கியிருந்த குண்டும் போயிற்று.

"டேய், பையில என்னா? அத வச்சு ஆடுலா!" என்றான் மண்டோர் மகன்.

"இவன் ஆடமாட்டான். பாக்கத்தான் வந்துருக்கான்."

"எவன்டா?"

நான் பையைக் கையால் பொத்திக்கொண்டேன். கூட ஆடிய பையன்கள் எல்லாரும் சிரித்து உருண்டார்கள். தோற்றவன் முட்டியால் குண்டைத் தள்ள வேண்டும் என்பது ஆட்டத்தின் தண்டனை. மண்ணில் முட்டி தேயத் தேயத் தள்ளினேன். பைக்குள் இருந்தவன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று வெட்கமாக இருந்தது.

வெளிச்சம் போகுமுன் திரும்பிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"ஜெயிச்சானா?" என்று கேட்டார் சித்தி.

"எல்லாரையும் ஜெயிச்சுட்டான் சித்தி."

சித்தி குண்டைக் காதோடு வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு சிரித்தார். ஸ்டூல் போட்டு ஏறி, தானே தொட்டிலைக் கழற்றினார். சாரோங்கை மடித்து வைத்தார்.

"இனிமே தொட்டிலு வேணாமாம். ஒன்கூடத்தான் இருப்பேங்கிறான். நீயே வச்சுக்க."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். ஓசியில் குண்டு கிடைத்ததற்கு ஏன் அழ வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை.

பல வருஷம் கழித்து, நாங்கள் எல்லாரும் தோட்டத்தை விட்டு வந்து மம்பாவில் குடியேறிய பிறகு, ஒருநாள் நான் லென்ஸும் கையுமாக உட்கார்ந்திருந்தபோது சித்தப்பா என்னிடம் சொன்னார். அந்தக் குண்டு பங்களாத் தோட்டத்தில், ரோஜாப் பாத்தி கொத்தும்போது அவருக்குக் கிடைத்ததாம். பிள்ளைக்கு வைத்திருந்தாராம். "வெறுங்கையா அனுப்ப மனசு வரலடா. அதோட கையிலயே வச்சுட்டேன். என் நெஞ்சளவு தோண்டிப் பொதச்சேன்" என்றார். சித்தியிடம் இதை அவர் கடைசிவரை சொல்லவே இல்லை.

ஆனால் தொட்டில் இறங்கிய அந்த ஞாயிற்றுக்கிழமை இதெல்லாம் எனக்குத் தெரியாது. சித்தி வெகுநாளைக்குப் பிறகு மீன் குழம்பு வைத்திருந்தார். இரண்டு வீட்டாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். சித்தி இன்னும் மீன் எடுக்க அடுப்படிக்குப் போனதும், சித்தப்பா என் பக்கம் குனிந்தார்.

"அந்தக் குண்டு எவ்வளவு ஆழத்துலடா கெடந்துச்சு?"

"ஆழமா? நான் தோண்டவே இல்ல சித்தப்பா. மேலேயே கெடந்துச்சு. யாரோ கொண்டாந்து வச்ச மாதிரி."

சித்தப்பா பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்து பின்வாசல் வழியாகப் போனார். அவர் தட்டில் முழுசாக ஒரு நடுத்துண்டு மீன் இருந்தது. யாரும் கவனிப்பதற்கு முன் அதை எடுத்து என் தட்டில் வைத்துக்கொண்டேன். ஒரே நாளில் குண்டும் கிடைத்து மீனும் கிடைத்த என்னைவிடக் கொடுத்துவைத்தவன் அந்தத் தோட்டத்தில் யாரும் இல்லை என்று நினைத்தேன். பையில் இருந்த குண்டு மறுபடியும் டிரவுசரை ஒரு பக்கமாக இழுத்தது. நாளைக்கு அம்மாவிடம் சொல்லி எலாஸ்டிக்கை மாற்ற வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு, முள்ளை எடுக்க ஆரம்பித்தேன்.