போஸ்டர்ல போடக்கூடாத பேரு

எங்க வீட்டுக்குப் பேரு டுபாக்கூர் வீடு. கதவு நம்பர் சொன்னா தபால்காரரே முழிப்பாரு. "டுபாக்கூர் வீடு எதுங்க?"ன்னு கேட்டா பாண்டிச்சேரி குருசுக்குப்பத்துல கைக்குழந்த கூட விரல நீட்டும். அந்தப் பேரு எப்பிடி வந்துச்சுன்னு கேட்டா மட்டும் ஆளுக்கு ஒரு கத.

அப்பா சொல்றது இது: அவரோட பூட்டனுக்குப் பூட்டன் பிரெஞ்சு துரைகிட்ட துபாஷா இருந்தாராம். துரை பேசுறத சனங்களுக்கும், சனங்க பேசுறத துரைக்கும் மாத்திச் சொல்ற பெரிய உத்தியோகம். துபாஷ் வீடுதான் ஊரு வாயில பட்டுத் தேஞ்சு டுபாக்கூர் வீடாயிடுச்சாம். மில்லுல அப்பாவோட தறி ஓட்டுன கூட்டாளி, நான் மில்லு மாமான்னு கூப்பிடுவேன், அவரு விடமாட்டாரு. "துபாஷ்தான்யா, யாரு இல்லன்னா? ரெண்டு பக்கமும் புளுகித்தானே தின்னான் உன் பூட்டன்? அதனாலதான் ஏமாத்துறவன எல்லாம் டுபாக்கூருங்கிறோம்!" டீக்கடைக்காரரு மூணாவது கட்சி. "அட போங்கய்யா, அது மெட்ராஸ்காரன் வார்த்த. உங்க துரைக்கும் அதுக்கும் என்னா சம்மந்தம்?"

யாரு செயிச்சாலும் அப்பா தலையிலேருந்து அந்தப் பேரு எறங்கப் போறதில்ல. ஒருத்தர ஏமாத்துனதில்ல அந்த மனுசன். மில்லு மூடுனப்புறம் காய்கறிக் கடை போட்டாரு. எடைக்கு மேல ஒரு தக்காளி வைப்பாரு. அப்பவும் "டுபாக்கூர் கடையில வாங்குனேன்"னுதான் சொல்லுவாங்க. பத்திக்கிட்டு வரும் எனக்கு. கல்யாணமாகி அரியாங்குப்பம் போனா விட்டுது சனியன்னு நெனச்சேன். எங்க விட்டுது? எனக்கு முன்னாடியே பஸ் ஏறி வந்து உக்காந்திருந்துச்சு. கொழம்புல உப்பு போட்டுட்டேன்னு சொன்னாக்கூட எங்க மாமியா நாக்குல வச்சுப் பாத்துட்டுதான் நம்புவாங்க.

போன வருசம் அப்பா என் கையப் புடிச்சுக்கிட்டாரு. "நான் செத்தா போஸ்டர்ல அந்தப் பேரு வரக்கூடாது. சத்தியம் பண்ணு." பண்ணினேன். ஒரே பொண்ணு, வேற யாரு பண்ணுவா?

எங்க ஊர்ல சாவு விழுந்தா மொத வேல கண்ணீர் அஞ்சலி போஸ்டர். பேருக்குப் பக்கத்துல பட்டப்பேரு இல்லன்னா செத்தது யாருன்னு யாருக்கும் தெரியாது. அப்பா விடியக்காலம் போய்ச் சேந்தாரு. பிரிண்ட் கடைக்காரரு, "பட்டப்பேரு என்னாக்கா?"ன்னு கேட்டாரு. "கெடையாது"ன்னேன். என்ன ஒரு மாதிரியா பாத்தாரு. அப்புறம் வழக்கம்போல போட்டோவுக்குக் கோட்டு சூட்டு மாட்டி, மூஞ்சிய வெளுப்பாக்கி, தலைக்கு மை அடிச்சு, லுங்கியத் தவிர ஒண்ணும் கட்டாத எங்கப்பாவ யாரோ மந்திரி மாதிரி ஆக்கி வச்சாரு. அழுகையில எனக்கு ஒண்ணும் தோணல. சரின்னு தலையாட்டிட்டேன்.

செவுரு செவுரா ஒட்டியாச்சு. உச்சி வெயிலும் சாஞ்சுது. தெருக்காரங்க நாலு பேர விட்டா ஒரு சனம் வரல. அப்பாவுக்கு போன் கெடையாது. அவரு சனம் பூரா மார்க்கெட்லயும் டீக்கடையிலயும்தான். பந்தல்ல நாற்காலி சும்மா கெடந்துச்சு. மேளக்காரங்க எங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டே அடிச்சாங்க. சாயங்காலம் எடுத்தாவணும். "அவரு யாருக்கு என்னாடி கெடுதல் பண்ணாரு?"ன்னு அம்மா கேட்டுக்கிட்டே இருந்தாங்க.

மாலை வாங்கப் போனவ டீக்கடைகிட்ட நின்னுட்டேன். அப்பா போஸ்டருக்கு நேர் கீழ உக்காந்து மில்லு மாமா டீ குடிக்கிறாரு. "என்னாம்மா, எங்க நம்ம டுபாக்கூரு? காலையிலேருந்து காணோம். சண்ட போட ஆளில்லாம வாய் நமநமங்குது"ன்னாரு.

செவுத்தக் காட்டினேன். அண்ணாந்து பாத்தாரு. எழுந்து கிட்டப் போயிப் பாத்தாரு. "அய்யய்யோ, அடப்பாவி, இது டுபாக்கூரா? யாரோ பெரிய மனுசன்னுல்ல நெனச்சேன்!"ன்னு தலையில கை வச்சுக்கிட்டாரு.

சத்தியத்தக் காப்பாத்துனா அப்பா அநாதையாப் போவாரு. ஜெராக்ஸ் கடையில மார்க்கர் வாங்கி, பாழாப்போன அந்தப் பேர என் கையாலயே கோட்டுக்கு மேல பெருசா எழுதினேன். பஸ் ஸ்டாப்பு, மார்க்கெட் செவுரு, மூடிக்கெடக்குற மில்லு கேட்டு, ஒண்ணு விடல. ஒவ்வொரு எடத்துலயும், "மன்னிச்சுக்கப்பா"ன்னேன்.

அப்புறம் வந்தாங்க பாருங்க. தெரு கொள்ளல. அப்பா காலப் புடிச்சுக்கிட்டு மில்லு மாமா கதறுனாரு. எடுக்கப் போற நேரத்துல வெளியூர்க்காரரு ஒருத்தரு, "அது என்னாங்க டுபாக்கூரு?"ன்னு கேட்டுட்டாரு. மில்லு மாமா மூக்கச் சிந்திக்கிட்டே, பழக்க தோசம், "இவன் பூட்டன் ரெண்டு பக்கமும் புளுகுனான்"னு ஆரம்பிச்சாரு. டீக்கடைக்காரரு, "அது மெட்ராஸ் வார்த்த"ன்னாரு. சட்டுன்னு ரெண்டு பேரும் நிறுத்திட்டாங்க. பதில் சொல்ற ஆளு பாடையில கெடக்குறாரு. எல்லாரும் அவரு வாயவே பாத்துக்கிட்டு நின்னாங்க.

"துபாஷ்யா! துபாஷ் வீடு! எத்தினி தடவ சொல்றது?"

கத்துனது நான்தான்.

மில்லு மாமா திரும்பி என்னப் பாத்தாரு. கண்ணத் தொடச்சுக்கிட்டு, டீக்கடையில அப்பாவுக்குப் போடுற மாதிரி பக்கத்துல ஒரு நாற்காலிய இழுத்துப் போட்டாரு.

"வாம்மா டுபாக்கூரு, உக்காரு"ன்னாரு.