ஆங்நெட் யார் வீட்டு நாய்?

போன செவ்வாய்க்கிழமை வார்டு ஆபீஸில் ஒரு பொய் சொல்லிவிட்டு வந்தேன். அது பொய்தானா என்பது இன்னும் எனக்கே தெளிவாகவில்லை. அதனால்தான் உங்களிடம் கொண்டு வந்திருக்கிறேன். கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

எங்கள் தின்கன்ஜூன் தெருவில் ஒரு கறுப்பு நாய் உண்டு. பெயர் ஆங்நெட். பர்மியில் 'நெட்' என்றால் கறுப்பு. இந்த ஊரில் கறுப்பு நாய்க்கு வேறு பெயர் வைக்க யாருக்கும் தோன்றுவதில்லை. மார்க்கெட் வாசலில் நின்று 'ஆங்நெட்' என்று கூப்பிட்டால் நாலு நாய் திரும்பிப் பார்க்கும்.

எங்கள் ஆங்நெட்டுக்குக் காலைச் சாப்பாடு எதிர்வீட்டு டாவ் மியாவிடம். பிக்குகளுக்குச் சோறு இட்டு முடித்ததும் அந்தம்மா இதற்கும் ஒரு பிடி வைப்பார். மதியம் கரீம் பாயின் மளிகைக் கடை. பாய் நாயைத் தொடமாட்டார். தகர மூடியில் மீன்தலையை வைத்து, ஒரு குச்சியால் தள்ளிவிடுவார். "தொட்டா கழுவணும், பசிச்சா போடணும். ரெண்டும் வேற வேற விசயம்ண்ணே" என்பார். சாயங்காலம் எங்கள் வீடு. என் மனைவி ஸ்டெல்லா ரசம் சோறு பிசைந்து வைப்பாள். ராத்திரி படுக்கையும் எங்கள் வாசல்படிக்குக் கீழேதான். நாலு வருஷமாக.

சரி... இது யாருடைய நாய்?

இந்தக் கேள்வியை நாங்கள் யாரும் கேட்டதில்லை. வார்டு ஆபீஸ்தான் கேட்டது. தெருமுனை டீக்கடைச் சுவரில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தார்கள். நாய் வைத்திருப்பவர்கள் வந்து பதிய வேண்டும், கழுத்தில் பட்டை கட்ட வேண்டும், வெறிநாய்த் தடுப்பூசி போட வேண்டும். சொந்தக்காரர் இல்லாத நாய்களைப் பிடிக்க சனிக்கிழமை காலை வண்டி வரும். வண்டியில் ஏறிய நாய் எதுவும் எங்கள் தெருவுக்குத் திரும்பி வந்ததில்லை. அதைக் காகிதத்தில் எழுத வேண்டிய அவசியம் இல்லை.

ஆங்நெட்டைப் பதிந்துவிடுவோம் என்றுதான் கிளம்பினேன். சத்தியமாக. கையில் வீட்டு ஆள் பட்டியலையும் எடுத்துக்கொண்டேன். நாய்க்கு அது எதற்கு என்று கேட்காதீர்கள். வார்டு ஆபீஸ் என்றாலே கை தானாக அந்தக் காகிதத்தைத் தேடும்.

ஆபீஸில் கிளார்க் கோ வின் இருந்தார். நல்ல பிள்ளை. என்னை 'ஊலே' என்று, அதாவது மாமா என்று, மரியாதையாகக் கூப்பிடுவார்.

"வாங்க ஊலே. கறுப்பு நாய் விசயமா?"

"ஆமா." பதிவுப் பாரத்தை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"ராத்திரி எங்க படுக்குது? உங்க வீட்டுலயா?"

அங்கேதான் வந்தது வினை. இந்த ஊரில் இருப்பவர்களுக்குத் தெரியும். வீட்டில் வெளியாள் ஒருவர் ஒரு ராத்திரி தங்கினாலும் வார்டு ஆபீஸில் எழுதிக்கொடுக்க வேண்டும். மைத்துனன் த்வாண்டேயிலிருந்து வந்து ஒரு தூக்கம் போட்டாலும் எழுத வேண்டும். மறந்துவிட்டு, மறுநாள் கேட்டபோது 'இல்லையே, யாரும் தங்கலையே' என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்? வாய்க்குப் பழகிவிட்டது.

"இல்லையே," என்றேன். "எங்க வீட்டுல யாரும் படுக்கலையே."

கோ வின் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"அப்ப உங்க நாய் இல்ல?"

இனி எப்படி மாற்றிச் சொல்வது? நாலு வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்தேன் என்றா? "சோறு மட்டும் போடுவோம்," என்று சொல்லிவிட்டு, நிரப்பாத பாரத்தோடு எழுந்து வந்துவிட்டேன்.

ஸ்டெல்லாவிடம் சொன்னேன். பிசைந்துகொண்டிருந்த கையை நிறுத்தினாள்.

"மறுதலிச்சுட்டு வந்தீங்களாக்கும்?"

"வாய் தவறிடுச்சு ஸ்டெல்லா."

"வாய் தவறல. அந்த பாரத்துல கடைசி வரி என்ன? படிச்சீங்களா இல்லையா?"

படித்திருந்தேன். நாய் யாரையாவது கடித்தால் பொறுப்பு யார்... கையெழுத்து. அதைப் பார்த்த பிறகுதான் வாய் தவறியதா, அதற்கு முன்பே தவறியதா? எவ்வளவோ யோசித்துவிட்டேன். பிடிபடவில்லை.

மறுநாள் விசாரித்தால், டாவ் மியாவும் ஆபீஸுக்குப் போய்வந்திருக்கிறார். "நான் புண்ணியத்துக்குத்தான் போடறேன், நாய் சாமுவேல் வீட்டோடது" என்று என்னைக் கைகாட்டியிருக்கிறார். கரீம் பாயும் போயிருக்கிறார். "நான் தொடாத நாய்க்கு நான் எப்படிண்ணே சொந்தக்காரன் ஆவேன்?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

மூன்று வீட்டில் சாப்பிட்ட நாய் மூன்று நாளில் அநாதையாகிவிட்டது. அது மட்டும் வழக்கம்போல மூன்று வேளையும் வந்து வாலாட்டியது.

சனிக்கிழமை காலை வண்டி வந்தது. கூடவே பட்டியலோடு கோ வின். டீக்கடைப் பக்கமிருந்து ஆங்நெட் நடந்து வந்தது. அதன் கழுத்தைப் பார்த்துத் தெருவே திகைத்தது.

மூன்று பட்டை.

ஒன்று சிவப்பு ரிப்பன். எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் கேக் டப்பாவில் இருந்தது; ஸ்டெல்லா என் பக்கம் திரும்பவே இல்லை. ஒன்று புத்தர் கோயிலில் மந்திரித்த மஞ்சள் நூல். மூன்றாவது, கடையில் மூட்டை கட்டும் பச்சை நைலான் கயிறு. தொடாமல் அதை எப்படிக் கட்டினார் என்று பாயை இன்றுவரை நான் கேட்கவில்லை. அன்று காலை அவர் கை மட்டும் முழங்கைவரை ஈரமாக இருந்தது.

கோ வின் சிரித்துவிட்டார். "மூணு சொந்தக்காரங்களா? பாரத்துல ஒரு பேருக்குத்தான் இடம். கடிச்சா யாரு பொறுப்போ, அவங்க வந்து கையெழுத்துப் போடுங்க."

ஒருவரும் நகரவில்லை. நாங்கள் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பட்டை கட்டத் துணிந்தவர்களுக்குப் பேனாவைப் பிடிக்கத் துணிவில்லை. இது என்ன மாதிரியான அன்பு? சொல்லத் தெரிந்தால் சொல்லுங்கள்.

வண்டியிலிருந்து ஒருவர் வலையோடு இறங்கினார்.

"என் பேர எழுதுப்பா," என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. கோ தூன். தெருமுனையில் சைக்கா, அதாவது பக்கத்தில் ஆள் உட்காரும் சைக்கிள் வண்டி, மிதிப்பவர்.

தெருவே தலையைக் குனிந்தது. காரணம் இருக்கிறது. போன மழைக்காலத்தில் கோ தூன் தெரியாமல் ஆங்நெட்டின் வாலை மிதித்துவிட்டார். அது அவர் கெண்டைக்காலைக் கடித்துவிட்டது. அன்றைக்கும் அது யாருடைய நாயும் இல்லை. தன் வண்டியைத் தானே மிதித்துக்கொண்டு ஐந்து தடவை ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டார். நாங்கள்? 'ஊசி போட்டாச்சா?' என்று ஐந்து தடவையும் அக்கறையாக விசாரித்தோம். துணைக்கு ஒருவரும் போகவில்லை.

"உங்களைக் கடிச்ச நாய் ஆச்சே கோ தூன்," என்றார் கோ வின்.

"அதான் சொல்றேன். இது கடிச்சா என்ன ஆகும்னு இந்தத் தெருவுல எனக்கு மட்டும்தான் தெரியும்."

கையெழுத்துப் போட்டார். குனிந்து மூன்று பட்டையையும் தடவிப் பார்த்தார். ஒன்றையும் அவிழ்க்கவில்லை. வலைக்காரர் திரும்பிப் போய் வண்டியில் ஏறிக்கொண்டார்.

திங்கட்கிழமை நாய்க்குத் தடுப்பூசி. கோ தூனின் சைக்காவில் ஆங்நெட்டைப் பிடித்துக்கொண்டு நான் உட்கார்ந்தேன். அவர் மிதித்தார். போகும் வழியெல்லாம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். இறங்கும்போது, "கால் இப்ப எப்படி இருக்கு?" என்றேன்.

"இப்பதான் கேக்கறீங்க," என்றார். கோபமா, கிண்டலா? அதுவும் விளங்கவில்லை.

இப்போது ஆங்நெட் முறைப்படி கோ தூன் வீட்டு நாய். ஆனால் ராத்திரியானால் நேராக வந்து எங்கள் வாசல்படிக்குக் கீழேதான் படுக்கிறது.

வெளியாள் ஒருவர் தங்குகிறார் என்று நாளைக்கு வார்டு ஆபீஸில் எழுதிக்கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன்... இந்தத் தடவை உண்மையைச் சொல்லி.