முந்திச் சிரித்தவர்

எங்கள் பகுதியிலுள்ள அஹுன்ட்சிக் நூலகத்தில் பழைய சோவியத் நகைச்சுவைப் படம் ஒன்றை இலவசமாகப் போட்டார்கள். சில முட்டாள்கள் புதையல் தேடி ஊரையே தோண்டுகிற கதை. பக்கத்து இருக்கையில் ஒருவர் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். திரையில் யாராவது குழிக்குள் விழுவதற்கு முன்பே சிரித்துவிடுவார். அகதி விண்ணப்பங்களை விசாரித்து ஓய்வு பெற்ற எனக்கு, எதையும் முன்கூட்டியே அறிந்தவர்களிடம் நம்பிக்கை கிடையாது.

"சார், ஏற்கெனவே பார்த்த படமா?"

"ஓம் ஐயா. அகதியா இங்க வரேக்க, கூட்டி வந்த ஏஜென்ட் எங்கள் நாலு பேரையும் மொஸ்கோவில ஒரு அறைக்குள்ள பூட்டி வைச்சவன். இந்த ஒரு கசெட்தான் அங்க கிடந்தது. புதையல் பெட்டியைத் திறக்கிற இடத்தில நாடா அறுந்துபோச்சு. உள்ள என்ன இருக்கெண்டு நாலு பேரும் பந்தயம் பிடிச்சனாங்கள்."

"எந்த வருஷம்?" பழக்கதோஷத்தில் கேட்டேன்.

"இதென்ன, விசாரணையோ?" என்று சிரித்தார்.

திரையில் பெட்டியைத் தூக்கி வெளியே வைத்தார்கள். அவர் எழுந்துவிட்டார்.

"முடிவைப் பார்க்கலையா?"

"மற்ற மூண்டு பேரும் இங்க வந்து சேரேல்லை, ஐயா. நான் மட்டும் பார்த்து என்ன செய்ய?"

சற்று நேரத்தில் அரங்கமே சிரித்தது. பெட்டிக்குள் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. அவர் சொன்னதில் எங்கே ஓட்டை என்று தேடியபடி, அவர் போன கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.