பதினாறு கிலோ சுபத்ரா

"இருபத்தேழு... இருபத்தெட்டு..." கால்களை அகட்டி நின்று, இடுப்பை மட்டும் பின்னால் மடக்கி, கைப்பிடி வைத்த இரும்புக் குண்டைத் தொடைகளுக்கு நடுவே விட்டு, மறுநொடியே மார்பு உயரத்துக்கு வீசி எழுப்புகிறார் சுபத்ரா. மாலை நாலரை மணி. தேயிலைச் சரிவில் மூடுபனி இறங்கிக்கொண்டிருக்கிறது. அவர் நெற்றியிலோ வேர்வை வழிகிறது. முப்பது ஆனதும் குண்டை மெதுவாகத் தரையில் வைப்பார். ஒருநாளும் போட்டதில்லை. "போட்டா சிமெண்டு பேந்துரும்லா. அப்புறம் மேனேஜருக்கு யாரு பதில் சொல்றது?"

வயது நாற்பத்தொன்று. தோட்டத்து வீடுகள் வரிசையாக இருக்கும் லைனில் எனக்குப் பக்கத்து வீடு. பக்கத்து ஊரான பிரிஞ்சாங்கில் ஒரு ஹோட்டல் தன் ஜிம்மை மூடியபோது, அவர் கணவர் லிங்கேஸ்வரன் இந்தப் பதினாறு கிலோ கெட்டில்பெல்லைக் காய்கறி லோரியில் போட்டுக்கொண்டு வந்தார். காற்றில் அடித்துக்கொள்ளும் பின்கதவுக்கு முட்டுக் கொடுப்பது அவர் திட்டம். சுபத்ரா இரண்டு நாள் அதைக் காலால் நகர்த்திக் கூட்டிப் பெருக்கினார். மூன்றாம் நாள் கைபேசியில் ஒரு காணொளியைப் பார்த்தார். கதவு இன்றும் அடித்துக்கொண்டுதான் இருக்கிறது.

முதல் மாதம் முதுகு பிடித்துக்கொண்டது. "கையால தூக்குனேன், அதான் தப்பு. குண்டிதான் தூக்கணும், கை சும்மா புடிச்சுக்கணும்" என்று கூச்சமே இல்லாமல் லைன் முழுவதற்கும் விளக்கினார். தினம் மூன்று அவித்த முட்டை, ஒரு கிண்ணம் கொண்டைக்கடலை. ஒன்றரை வருடத்தில் தோள் உருண்டு, முன்கையில் நரம்பு எழும்பி, சட்டைக் கையின் தையலைப் பிரித்துவிட வேண்டியதாயிற்று. இப்போது எதைத் தூக்கினாலும் எடை சொல்வார். என் மகளைத் தூக்கிப் பார்த்து, "இவளும் பதினாறுதான்" என்றார். கீழே விழுந்த கரண்டியை எடுப்பதற்கும் அதே இடுப்பு மடக்கல்.

இவ்வளவும் எதற்கு? எங்கள் தோட்டத்தில் கொழுந்து வெட்டும் மிஷினை இரண்டு பேர் சுமக்க வேண்டும். தேயிலை வரிசைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். எஞ்சின் உள்ள பக்கம்தான் கனம். அதைப் பிடிப்பவர்தான் முன்னே நடப்பார். அது நாகப்பனின் இடம். வெட்டிய கொழுந்து விழும் பையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடப்பது சுபத்ராவின் வேலை. "ஒம்பது வருசமா நாகப்பண்ணன் முதுகையே பாத்துட்டு வர்றேன். முன்னாடி என்ன இருக்குன்னு நானும் பாக்க வேணாமா?"

கேட்டபோதெல்லாம் நாகப்பன் சிரிப்பார். "அது பொம்பளைங்க புடிக்கிற பக்கமில்ல தங்கச்சி. பாதி மேட்டுல எறக்கி வச்சிருவே."

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. நாகப்பனுக்கு மறுபக்கம் பிடிக்கும் கூட்டாளிக்குக் காய்ச்சல். மழை வருவதற்குள் மேட்டிலிருக்கும் தேயிலைத் துண்டை வெட்டி முடித்தாக வேண்டும். கொழுந்து நிறுக்கப் போயிருந்த நான் அங்கேதான் நின்றேன். கங்காணி கந்தசாமி ஆள் தேடி நாலு பக்கமும் பார்க்க, பையைக் கூட வேலை செய்யும் உமாதேவியிடம் கொடுத்துவிட்டு சுபத்ரா முன்னால் வந்தார். "எஞ்சின் பக்கம் நான் புடிக்கிறேன்."

நாகப்பன் கங்காணியைப் பார்த்தார். கங்காணி வானத்தைப் பார்த்தார். "சரி, ஒரு வரிசை போய்ப் பாருங்க."

எஞ்சின் உறுமியது. முதல் இருபது அடி ஒழுங்காகப் போயிற்று. பிறகு மேடு செங்குத்தானது. ஈர மண்ணில் சுபத்ராவின் இடதுகால் வழுக்கிவிட்டது. முழங்கால் மண்ணில் பதிந்தது. கைப்பிடியை விட்டால் கத்தி நாகப்பன் பக்கம் சாயும்.

"எறக்கு! எறக்கிரு!" என்று கத்தினார் நாகப்பன்.

"நீங்க எறக்காதீங்கண்ணே, அது போதும்!"

மிஷின் ஒரு விரற்கடைகூடத் தாழவில்லை. இடுப்பைப் பின்னுக்கு இழுத்து, குதிகாலை மண்ணில் ஊன்றி, ஒரே மூச்சில் எழுந்தார் சுபத்ரா. கொழுந்து சீறிக்கொண்டு பைக்குள் பாய்ந்தது. உமாதேவி அடித்த விசில் பக்கத்துத் துண்டுவரை கேட்டிருக்கும். உச்சியில் மிஷினை வைத்தபோது நாகப்பனுக்குத்தான் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. சுபத்ரா திரும்பி, தான் ஏறிவந்த சரிவைப் பார்த்துச் சிரித்தார். நானும் கங்காணியும் எங்களை அறியாமல் கைதட்டிக்கொண்டிருந்தோம்.

எல்லோரும் தேநீர் குடித்து எழுந்தோம். நாகப்பன் பழக்கத்தில் எஞ்சின் பக்கம் போய்க் குனிந்தார். சுபத்ரா தாடையை லேசாக அசைத்து எதிர்ப்பக்கத்தைக் காட்டினார்.