உயிரோடு இருந்தவர்களுக்கு வைத்த ஒப்பாரி

பேராதனையில் படிக்கிற ஒரு பிள்ளை போன வாரம் வீட்டுக்கு வந்து, போனை என் வாய்க்கு நேரே நீட்டியது. கிட்டார் செல்லமுத்துவைப் பற்றி ஆய்வு செய்கிறதாம். “அங்கிள், அவர்தான் நம்ம மலையகத்தோட முதல் ப்ளூஸ் பாடகர்” என்றது. அமெரிக்கப் பருத்தித் தோட்டங்களில் கறுப்பு மக்கள் துக்கத்தைக் கிட்டாரில் பாடினார்களாமே, அதுமாதிரி. செல்லமுத்தண்ணன் கேட்டிருந்தால் இந்தப் பட்டத்தையும் கிண்டலடித்து ஒரு பாட்டுக் கட்டியிருப்பார்.

துக்கம் பாடினார்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் உயிரோடு இருக்கிறவர்களுக்கல்லவா பாடினார்! எங்கிருந்தோ தனியாளாக ஹந்தானைத் தோட்டத்துக்கு வந்தவர். கங்காணி யாராவது அதிகம் துள்ளினால், அந்த ஆளின் வாசலில் போய்க் குந்திக்கொண்டு, நாலே கம்பி மிஞ்சிய கிட்டாரைத் தட்டி, ‘போயிட்டியே என் ராசா’ என்று ஒப்பாரி வைப்பார். உள்ளே ராசா ரொட்டி தின்றுகொண்டிருப்பார். அவர் பெண்சாதி ஓடிவந்து பிளேன்டீ கொடுத்து, கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவைப்பாள். லயத்து வரிசை வீடெல்லாம் சிரிக்கும்.

அப்போது எனக்குக் கண்டியில், குட்ஷெட் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், கசெட்டில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடையில் வேலை. பட்டனை அமுக்குவதுதான் உத்தியோகம்; நினைப்பு மட்டும் பெரிய இசையமைப்பாளன் என்று. ஒருநாள் அண்ணன் கிட்டாரோடு வந்து, தனக்கே ஒரு ஒப்பாரி பதியவேண்டும் என்றார். ஹந்தானைக்கு வருமுன்பே பெண்சாதி செத்துப்போனாள். மூன்று மகள்மாரும் புருஷன்மாரோடு கப்பலேறி இந்தியா போய்விட்டார்கள்.

“செத்தா அழுறதுக்குப் பொம்பளப்புள்ள இல்ல தம்பி. நானே அழுதுட்டுப் போறேன். நீ கொண்டாந்து போட்டுரு.”

முதல் பாதி முழுக்கத் தன்னையே திட்டிப் பாடினார். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அடுத்த பாதியில் மகள்மாரை ஒவ்வொருத்தியாகப் பேர் சொல்லிக் கூப்பிடப்போவதாகச் சொல்லியிருந்தார். மெசின் பாட்டுக்கு ஓடட்டும் என்று நான் பீடி பற்றவைக்க வெளியே போய்விட்டேன்.

கல்யாண ஓடர் வருகிற கடையில் ஒப்பாரி என்று எழுதி வைக்கக்கூடாது, விளங்காது என்று முதலாளி சொல்லிவிட்டார். உயிரோடு இருக்கிற மனுசனின் பேரை அதில் எழுத எனக்கும் கை வரவில்லை. ஒன்றும் எழுதாமலே மேசை லாச்சிக்குள் போட்டேன்.

அடுத்த தை மாசம் அண்ணன் கண்ணை மூடினார். கடையிலிருந்த கசெட் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஹந்தானை ஏறி, சவத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பட்டனை அமுக்கினேன். உஸ் என்றது. சனம் மரியாதையாகக் காத்திருந்தது. பெட்டரி வீக் என்றார் ஒருவர். திருப்பிப் போட்டேன். அந்தப் பக்கமும் உஸ்தான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. லாச்சியில் எழுத்தில்லாத கசெட் இரண்டு கிடந்தன. வெறும் கசெட் என்று நினைத்து, கலஹாவில் ஒரு கல்யாண வீட்டுக்கு நான் டூயட் பாட்டுகள் பதிந்து கொடுத்தது அண்ணனுடைய ஒப்பாரிக்கு மேலே.

வேறு வழியில்லாமல் நானே பாடினேன். ஆம்பிளை ஒப்பாரி, அதுவும் என் குரலில்! சனம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. திட்டெல்லாம் ஒழுங்காக வந்தது. மகள்மாரைக் கூப்பிடுகிற இடத்தில் நின்றுபோனேன். அங்கே இருந்த யாருக்கும் அந்தப் பேர்கள் தெரியவில்லை.

இப்போது அந்தக் கடையில் போன் கவர் விற்கிறார்கள். அந்த லயமும் இல்லை. பேர் கிடைத்தால் இந்தியாவில் தேடிப் பார்க்கலாம் அங்கிள் என்று அந்தப் பிள்ளை கெஞ்சியது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கடைசியில் அப்பன் தங்களைக் கூப்பிட்டான் என்பது அந்த மூன்று பெண்களுக்கும் தெரியவே தெரியாது.