சுருளியாண்டி இறுக்கிய சக்கரம்

உலகச் சண்டை முடிந்து இரண்டு வருடம் கழித்தும் அந்தப் பட்டாளத்து லாரி அனுமந்தன்பட்டிக்கு வெளியே ரோட்டோரப் பள்ளத்திலேயே கிடந்தது. ஏலத்தில் எடுத்த மரக் காண்ட்ராக்டர், அது பாதி வழியில் மக்கர் பண்ணியதும் அங்கேயே போட்டுவிட்டுப் போயிருந்தார். மழையெல்லாம் அதன் தலையில்தான் பெய்தது. கடைசியில் கூடலூர் அழகுமலை அதை வாங்கினார். வாங்கிய கையோடு தங்கச்சி சங்கிலியம்மாள் வீட்டுக்கு வந்து, தங்கச்சி புருஷன் சுருளியாண்டியைப் பிடித்துக்கொண்டார்.

சுருளியாண்டி பாரவண்டிக்காரர். கம்பத்துக்கும் தேனிக்கும் மூட்டை ஏற்றிப் பிழைப்பவர். வண்டிச் சக்கரத்தில் எந்தக் கோளாறு வந்தாலும் யாரையும் தேடாமல் தானே உட்கார்ந்து சரிசெய்துவிடுவார்.

"மாப்ள, எஞ்சினுல குத்தமில்ல. சக்கரந்தான் துருவேறி இறுகிக் கெடக்கு. நீங்கதான் கைவைக்கணும். லாரி ஓடுச்சுன்னா எம்மகன் கர்ணன் பொழைச்சுக்குவான். அவன் பொழைச்சா யாருக்கு? உங்க மக சுப்புத்தாயிக்குத்தான?" என்றார் அழகுமலை.

அந்த ஒரு பேச்சு போதாதா? கர்ணனுக்குச் சுப்புத்தாய் என்பது அவள் தொட்டிலில் கிடந்தபோதே முடிவான சங்கதி. லாரி வந்தால் வண்டிப் பிழைப்பு படுத்துவிடும் என்று ஊரில் சிலர் சொன்னதைக்கூடச் சுருளியாண்டி காதில் வாங்கவில்லை. மருமகன் லாரிதானே!

சங்கிலியம்மாள் மட்டும், "எதுக்கும் நாலு பேரக் கூட்டி நிச்சயம் பண்ணி வெத்தலை மாத்திருவமா?" என்று கேட்டாள். மனுஷன் எரிந்து விழுந்தார்.

"அந்நியத்துல குடுக்குறவன்தான் வெத்தலை மாத்துவான். உங்கண்ணங்கிட்டப் போயி மாத்தக் கேட்டா, உன்ன நம்பலைன்னு மூஞ்சிக்கு நேராச் சொல்றாப்புல. பேசாமப் போ."

முறைக்காரர்களுக்குள் வெற்றிலை கேட்பது மரியாதைக் குறைவு என்று அந்தப் பக்கத்தில் எல்லாரும் நினைப்பதுதான். சுருளியாண்டியும் அப்படியே நினைத்துக் கோட்டைவிட்டார்.

வேலை லேசில் முடியவில்லை. கர்ணன் அத்தை வீட்டிலேயே தங்கிக்கொண்டான். நட்டுகளுக்கு மண்ணெண்ணெயும் ஆமணக்கெண்ணெயும் கலந்து ஊற்றி ஊறவைத்தார்கள். ஸ்பானர் பிடியில் நீளக் குழாயைச் செருகி, இரண்டு பேரும் தொங்கிப் பார்த்தார்கள். வலப்பக்கத்து நட்டுகள் கிறீச்சிட்டுக்கொண்டே கழன்றன. இடப்பக்கம் மட்டும் அசையவில்லை. பலம்கொண்ட மட்டும் தள்ளியதில் ஒரு போல்ட்டு முறிந்தே போனது. அப்புறம்தான் சுருளியாண்டிக்குப் புத்தியில் பட்டது: அந்தப் பக்கத்து மரை எதிர்ப்பக்கமாக வெட்டியது. கழற்றுவதாக நினைத்து அத்தனை நாளும் இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

கஞ்சி கொண்டுவந்த சுப்புத்தாயைப் பார்த்துக் கர்ணன் சிரித்தான். "இந்த நட்டும் உன்ன மாதிரிதான் புள்ள. சொன்னதுக்கு எதுத்தாப்புலதான் திரும்புது."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனாலும் அன்றைக்குக் கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ளக் கருவாடு அவனுக்குத்தான் கூடுதலாக வந்தது.

சக்கரம் கழன்ற பிறகு டயர் வம்பு பண்ணியது. இரும்போடு ஒட்டிப்போய், கடப்பாறைக்கும் மசியவில்லை. சுருளியாண்டி சக்கரத்தைத் தரையில் படுக்கப் போட்டு, தன் வண்டியில் மணலை நிரப்பி, மாட்டை அதட்டி, வண்டிச் சக்கரத்தை டயரின் விளிம்பில் ஏற்றினார். பாரம் அழுத்திய அழுத்தில் டயர் பிய்த்துக்கொண்டு இறங்கியது. ஊரே கைதட்டியது. கடைசிச் சக்கரத்தில் இரும்பு வளையம் துள்ளி அவர் சுண்டுவிரலை நசுக்கியபோது, கர்ணன்தான் துண்டைக் கிழித்துக் கட்டினான். "மாமா, மாமா" என்று அவன் அழுததைப் பார்த்து, வலியைக்கூட மறந்து சுருளியாண்டி பூரித்துப்போனார்.

லாரி உறுமிக்கொண்டு கூடலூருக்குப் போனது. போனவர்கள் அதற்குப் பிறகு இந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. பர்மிட்டுக்கு அலைகிறார்கள் என்று கேள்வி. தை பிறக்கட்டும் என்று சுருளியாண்டி காத்திருந்தார்.

தை பிறந்தது. ஒருநாள் விடியற்காலையில் பக்கத்து வீட்டு அம்மாவாசி ஓடிவந்தான். "அண்ணே, உங்க லாரி ஊரெல்லையில டயரு வெடிச்சு நிக்கிது!"

உங்க லாரி என்றுதான் ஊரில் எல்லாரும் சொல்வார்கள். எண்ணெய்க் குப்பியை மறந்து, குழாயை மட்டும் தூக்கிக்கொண்டு சுருளியாண்டி ஓடினார். இடப்பக்கப் பின்சக்கரம் தரையோடு சப்பிக் கிடந்தது. புது டிரைவர் நட்டை வழக்கப்படி திருகித் திருகி இன்னும் இறுக்கி வைத்திருந்தான். லாரிமேல் பெண்கள் தாம்பாளங்களோடு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பட்டு வேட்டியும் மாலையுமாகக் கர்ணன்.

அழகுமலை இறங்கி வந்தார். "மாப்ள, வெரசா முடிவாகிப்போச்சு. பர்மிட்டு வாங்கித் தந்ததே ஓடைப்பட்டிக்காரகதான். அவுக பொண்ண எடுக்கச் சொன்னாக. என்ன செய்யச் சொல்றீக?"

"எம்மக?"

அழகுமலை ரோட்டைப் பார்த்தார். "நாம என்ன வெத்தலையா மாத்துனம்?"

இப்படியும் ஒரு மனுஷன் கேட்பானா? பொழுது விடியுமுன் இந்த ஊரைத் தாண்டிவிடத் திட்டம் போட்டிருக்கிறார்கள். டயர் மட்டும்தான் சுருளியாண்டிக்கு விசுவாசமாக இருந்திருக்கிறது. அவர் கர்ணனை நிமிர்ந்து பார்த்தார். அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றிருந்தது. சொன்னான்.

"மாமா, சீக்கிரம் மாட்டுங்க. முகூர்த்தத்துக்கு நேரமாச்சு."

குழாயைக் கீழே எறிந்துவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. குனிந்து, நட்டை எதிர்ப்பக்கமாகத் திருப்பிக் கழற்றினார். மாற்றுச் சக்கரத்தை ஏற்றினார். நட்டை முடுக்கும்போது கை ஒரு கணம் நின்றது. பாதியில் விட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? சின்னமனூர் தாண்டுமுன் சக்கரம் தன்பாட்டுக்கு உருண்டு போய்விடும். நெஞ்சு எரிய எரிய ஒவ்வொன்றையும் கடைசிவரை இறுக்கினார். நிமிர்வதற்குள் லாரி கிளம்பிவிட்டது.

வீட்டு வாசலில் சுப்புத்தாய் நின்றாள்.

"சந்தைக்குப் போற ஆளுக ஆத்தா," என்றார்.

அப்போதுதான் அவள் கையிலிருந்த எண்ணெய்க் குப்பியைப் பார்த்தார். மறந்து போனாரே என்று அவர் பின்னாலேயே எடுத்துக்கொண்டு எல்லைவரைக்கும் வந்திருக்கிறாள். எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் அவருக்கு முன்னால் திரும்பியிருக்கிறாள்.

குப்பியைக் கீழே வைத்துவிட்டு அவள் கேட்டாள்: "அந்த டிரைவருக்கு எடப்பக்கத்து நட்டப் பத்தித் தெரியல. நீங்க நல்லா இறுக்கித்தான விட்டீக?"

"இறுக்கிட்டேன் ஆத்தா," என்றார் சுருளியாண்டி. அதற்குமேல் முடியாமல், தன் வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதார்.