கல்வெட்டில் அச்சான முகவரி

ஜெர்மனியின் வுப்பர்டாலில் ஒரு மொழி ஆய்வு நிறுவனத்தில் பிரபாலினிக்கு வேலை. ஆய்வாளர்கள் பொதுவில் வைக்கும் ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் நிரந்தர இணைய எண் ஒன்று கொடுப்பாள். பதிவு எந்தக் கணினிக்குக் குடிபெயர்ந்தாலும் புதிய இடத்தை அந்த எண்ணில் குறித்துவிடுவாள். எண்ணைத் தட்டுகிறவருக்குப் பதிவு திறக்கும். ஒழுங்காகச் செய்தால் ஒருவர் கண்ணிலும் படாத வேலை அது.

போன கோடையில் கெல்சென்கிர்ச்சனிலிருந்து பரராசசிங்கம் தொலைபேசி எடுத்தார். ஜெர்மனிக்கு வந்த முதல் குளிர்காலத்தைப் பற்றி அவருடைய மனைவி யோகம் ஆய்வுக்காகப் பேசிய பதிவு நிறுவனத்தில் இருந்தது. யோகம் இறந்தபின், முப்பத்தோராம் நாள் அவர் நினைவாக அச்சடித்து உறவினருக்குக் கொடுத்த கல்வெட்டுப் புத்தகத்தில், தேவாரத்துக்குக் கீழே, அதைக் கேட்கும் முகவரியை அவர் அச்சிட்டிருந்தார்.

“பிள்ளை, அவவின்ரை குரல் இருந்த இடத்திலை சூதாட்டக் கடை நிக்குது. யாழ்ப்பாணத்திலை இருந்து அவவின்ரை தங்கச்சி சாந்தா எடுத்து அழுகிறா.”

பிரபாலினிக்கு உடனே விளங்கியது. எண்ணை விட்டுவிட்டு, திரையின் மேலே தெரிந்த நீள முகவரியை மனிதர் பார்த்து எழுதியிருக்கிறார். நிறுவனத்துக்கோ பெயர் மாற்றுவதில் அலாதிப் பிரியம். புதுப் பெயர் வந்ததும் பழைய இணையப் பெயரைக் கைகழுவிவிட்டது. யாரோ அதை வாங்கிக் கடை விரித்துவிட்டார்கள்.

“எண்ணுக்கு மட்டும்தானே நாம் பொறுப்பு?” என்றார் பொறுப்பாளர். சட்டப்படி சரிதான். 

ஆனாலும் சனிக்கிழமை பிரபாலினி கெல்சென்கிர்ச்சனுக்குப் போனாள். மிச்சமிருந்த புத்தகங்களில் சரியான எண்ணை ஒட்டினார்கள். சாந்தாவுக்கும் அனுப்பினார்கள். கனடாவுக்கும் லண்டனுக்கும் போனவற்றில் எவை யார் கையில் இருக்கின்றனவோ, பரராசசிங்கத்துக்கே தெரியாது. அந்தப் பக்கத்தைத் திறக்கிறவர்களுக்கு இனியும் சூதாட்டக் கடைதான்.

பரராசசிங்கம் எண்ணைத் தட்டினார். பதிவில் யோகம், தான் பனியில் வழுக்கி விழுந்த கதையைச் சொல்லிச் சிரித்தார். அது முடியும்வரை பரராசசிங்கம் தலை நிமிரவில்லை.

“இது எவ்வளவு காலத்துக்கு நிக்கும் பிள்ளை?”

“எண் தன்பாட்டிலை நிக்காது ஐயா. பதிவு இடம் மாறேக்கை எல்லாம் ஆரேன் பாத்து மாத்தவேணும். இப்ப நான் மாத்துறன்.”

“உங்களுக்குப் பிறகு?”

 அந்த வேலை தெரிந்த இன்னொரு ஆள் நிறுவனத்தில் கிடையாது. அவளுக்கு வெட்கமாக இருந்தது.

திங்கட்கிழமை பொறுப்பாளரின் அறைக்குப் போனாள். தனக்குப் பிறகு பார்க்க ஒருவரை நியமிக்கும்வரை, நிரந்தரம் என்று சொல்லி இனி ஒருவருக்கும் எண் கொடுக்கப்போவதில்லை என்றாள்.